நாயம் பேச வாருங்கள்: எங்கள் வாய்க்கால் பாசனக் கமிட்டிக்கு ஒரு திறந்த மடல்

கமிட்டித் தலைவர் ஐயாவுக்கும், செயலாளர் தம்பிக்கும், உறுப்பினர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

பொங்கல் முடிந்த வாரம் நடந்த கூட்டத்தில் நான் எழுந்து பேசியபோது உங்களில் ஒருவர் சொன்னார்: "அக்கா, நீங்க படிச்சவங்க. நீங்களே இப்படி ஞாயமில்லாம பேசலாமுங்களா?" அவர் கோபத்தில் சொல்லவில்லை, வருத்தப்பட்டுத்தான் சொன்னார். திட்டியிருந்தால் அன்றைக்கே மறந்திருப்பேன். வருத்தப்பட்டுச் சொன்னதால் அந்த வார்த்தை என்னை விடவில்லை. பதினைந்து நாளாக யோசித்து இதை எழுதுகிறேன். வாய்க்காலின் தொடக்கத்தில் இருக்கிற தலைமடைக்காரர்களும் கடைசியில் இருக்கிற கடைமடைக்காரர்களும் சேர்ந்து படிக்கட்டும் என்றுதான் திறந்த மடலாக எழுதுகிறேன்.

நான் கேட்டது ஒன்றே ஒன்று. கடைசி எட்டு மடைகளுக்கு ஒரு நனைப்பு. நெல் பால் பிடிக்கிற நேரம், இப்போது ஒரு தண்ணீர் கிடைத்தால் பயிர் தப்பிக்கும் என்றேன். கமிட்டி கை தூக்கச் சொன்னது. தலைமடையும் நடுமடையும் சேர்ந்து முப்பத்திரண்டு கைகள். எங்கள் பக்கம் ஒன்பது. மேலே இன்னொரு சுற்று விட்ட பிறகு மிச்சம் இருந்தால் கீழே விடலாம் என்று தீர்மானம் எழுதினீர்கள்.

அந்த மிச்சம் வந்த ராத்திரி இரண்டு மணிக்கு டார்ச்சோடு வாய்க்கால் கரையில் நின்றேன். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற கிழக்குக் காற்று தை மாசத்தில் நம் மண்ணை எப்படி உறிஞ்சும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. முதலில் நுரை வந்தது. பின்னாலேயே காய்ந்த பாளைத் துண்டு ஒன்று, ஒரு பிளாஸ்டிக் பாட்டில், அப்புறம் தண்ணீர். கணுக்கால் அளவுதான். எனக்கு முந்தின மடை வரைக்கும் வந்து, வாய்க்கால் அடியில் இருந்த வெடிப்புகளுக்குள் இறங்கி நின்றுவிட்டது. கால் மணி நேரத்தில் ஈரம் மட்டும்தான் மிச்சம். மேலே யாரோ மடையைத் திருப்பிவிட்டார்கள். வரப்பில் உட்கார்ந்து ஒரு கதிரை உருவி, மணி மணியாக நசுக்கிப் பார்த்தேன். பால் வரவேண்டிய இடத்தில் பாதிக்கு மேல் வெறும் தோல்.

சரி, என் வயல் கதையை இதோடு நிறுத்திக்கொள்கிறேன். நான் பேச வந்தது ஞாயம் என்ற சொல்லைப் பற்றி.

நம் பக்கத்தில் இந்தச் சொல்லுக்கு இரண்டு அர்த்தம் உண்டு. கொங்குத் தமிழ் தெரியாதவர்களுக்கு இது ஆச்சரியமாக இருக்கும். "ஞாயமா நடந்துக்கோ" என்றால் நேர்மையாக நடந்துகொள். "திண்ணையில உக்காந்து நாயம் பேசிட்டிருந்தாங்க" என்றால் சும்மா பேசிக்கொண்டிருந்தார்கள். "அவங்கூட உனக்கென்ன நாயம்?" என்றால் அவனோடு உனக்கு என்ன பேச்சு. நியாயமும் பேச்சும் நமக்கு ஒரே சொல். எங்கள் அம்மா இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லக் கேட்டிருக்கிறேன். இது எப்படி வந்தது என்று மொழி ஆராய்கிறவர்கள் சொல்லட்டும். எனக்குத் தெரிந்தது, கல்லூரியில் தத்துவம் படித்தபோது பெரிய பெரிய புத்தகங்களில் நான் திணறிப் படித்த விஷயம் இந்த ஒரு சொல்லுக்குள் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிறது என்பதுதான். எதிரில் இருப்பவரிடம் சொல்லி, அவர் ஏற்றுக்கொள்ளக்கூடிய காரணம் எதுவோ அதுதான் ஞாயம். சொல்ல முடியாத காரணம் ஞாயமாகாது.

இன்னொரு சொல்லும் நம்மிடம் இருக்கிறது: விவரம். "அவன் விவரமான ஆளு" என்கிறோம். தன் காரியம் எது, அதை எப்படி முடிப்பது என்று தெரிந்தவன். "அவரு ஞாயமான மனுசன்" என்றால் அது வேறு. விவரமானவனிடம் கொஞ்சமும் ஞாயம் இல்லாமல் இருக்கலாம், நாம் தினமும் பார்க்கிறோம். 1953இல் சிப்லி என்ற தத்துவ ஆசிரியர் ஒரு கட்டுரையில் இதே வித்தியாசத்தைப் பிரித்துக் காட்டினார். ஒருவர் விவரமானவர் என்று தெரிந்தால், அவர் எதை நோக்கிப் போவார் என்று நமக்குத் தெரியாது. எதை நோக்கிப் போனாலும் புத்தியோடு போவார் என்பது மட்டும் தெரியும். அவர் நியாயமானவர் என்று தெரிந்தால், மற்றவர்களோடு சேர்ந்து ஒரு பொது முறைக்குக் கட்டுப்பட அவர் தயாராக இருக்கிறார் என்பது தெரியும். அமெரிக்கத் தத்துவ அறிஞர் ஜான் ரால்ஸ் இதை எடுத்துக்கொண்டு 1993இல் வந்த தன் நூலில் பெரிதாக விரித்தார். பேரத்தில் பலமான இடத்தில் இருப்பவர்கள் வைக்கிற கோரிக்கை, அவர்கள் கோணத்தில் முழுக்கப் புத்திசாலித்தனமாக இருக்கலாம், ஆனாலும் அது துளியும் நியாயமில்லாததாக இருக்கலாம் என்று அவர் காட்டுகிற இடத்தில் எனக்கு ஞாபகம் வருவது தலைமடைதான்.

தலைமடையில் இருப்பவருக்கு எங்கள் தயவு தேவையில்லை. தண்ணீர் முதலில் அவர் வயலைத் தொட்டுவிட்டுத்தான் எங்களிடம் வருகிறது. கூட்டத்துக்கே வராமல் இருந்தாலும் அவருக்கு நஷ்டமில்லை. இது அவருடைய தப்பு இல்லை, பூமியின் சரிவு அப்படி. ஆனால் அந்தச் சரிவையே ஒரு வாதமாக்கி, "எங்ககிட்ட முதல்ல வருது, அதனால எங்களுக்கு முதல்ல" என்று சொன்னால், அது சரிவு, காரணம் ஆகாது.

ஹார்வர்டில் தத்துவப் பேராசிரியராக இருந்த ஸ்கேன்லன் 1998இல் வந்த நூலில், நியாயத்துக்கும் விவரத்துக்கும் உள்ள இந்த வித்தியாசத்தைச் சொல்ல எடுத்துக்கொண்ட உதாரணமே தண்ணீர்தான். முதல் தடவை படித்தபோது எனக்குக் கண் நிறைந்துவிட்டது. ஒரு வட்டாரத்தில் தண்ணீர் உரிமை பற்றிப் பேச உட்காருகிறார்கள். பெரும்பாலான தண்ணீர் ஒரே நிலக்காரர் கையில் இருக்கிறது. அவருக்கு மற்றவர்களின் ஒத்துழைப்பு வேண்டியதில்லை. அந்த இடத்தில் ஒருவர் எழுந்து, ஒவ்வொருவருக்கும் குறைந்தபட்ச அளவு தண்ணீராவது உண்டு, அதை உறுதிப்படுத்தாத எந்த ஏற்பாட்டையும் ஏற்க மாட்டேன் என்றால், அது நியாயத்துக்குப் புறம்பான பேச்சில்லை என்கிறார் ஸ்கேன்லன். அப்படிப் பேசுவது விவரமான காரியமாக இல்லாமல் போகலாம். பெரியவருக்குக் கோபம் வந்தால் எல்லோருக்கும் இன்னும் மோசமாகும். ஆனாலும் கேட்டவர் நியாயத்தில்தான் நிற்கிறார். மறுக்கிற பெரியவர்தான் நியாயத்தை விட்டு வெளியே போகிறார்.

அன்றைக்கு எழுந்து பேசியது எனக்கு விவரமான காரியம் இல்லை என்று எனக்கும் தெரியும். அதற்கப்புறம் இரண்டு பேர் என்னிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. ஆனால் ஞாயமில்லாத பேச்சு என்று மட்டும் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

கை தூக்கியதைப் பற்றியும் சொல்ல வேண்டும். முப்பத்திரண்டு பெரியதா ஒன்பது பெரியதா என்று எண்ணத் தெரிந்தால் போதும், இந்தக் கூட்டத்தை முடித்துவிடலாம். ஸ்கேன்லன் இதற்கும் ஒரு கதை சொல்கிறார். டி.வி. நிலையத்தில் ஒளிபரப்புக் கருவி ஒருவர் கைமேல் விழுந்து, ஷாக் அடித்துத் துடித்துக்கொண்டிருக்கிறார். உலகக் கோப்பை ஆட்டம் ஓடுகிறது, முடிய இன்னும் ஒரு மணி நேரம். அவரை மீட்க வேண்டுமென்றால் பதினைந்து நிமிடம் ஒளிபரப்பை நிறுத்த வேண்டும். பார்ப்பவர்கள் லட்சக்கணக்கானவர்கள். அத்தனை பேரின் சந்தோஷத்தையும் கூட்டினால் ஒரு ஆளின் வலியைவிடப் பெரிதாக வராதா? கூட்டக்கூடாது என்கிறார். ஒவ்வொருவராக வந்து அந்த மனிதன் முன்னால் நின்று, "எனக்குப் பதினைந்து நிமிஷம் ஆட்டம் போய்விடும்" என்று சொல்லிப் பார்க்கட்டும். யாரால் சொல்ல முடியும்?

அதே மாதிரி, உங்களில் ஒருவர் என் வயல் வரப்பில் வந்து நின்று, "எனக்கு அஞ்சாவது நனைப்பு தள்ளிப்போகும், அதனால உங்களுக்கு ரெண்டாவது வேண்டாம்" என்று சொல்லிப் பார்க்கட்டும். முப்பத்திரண்டு பேரும் சேர்ந்து கூட்டத்தில் கை தூக்குவது சுலபம். ஒருவர் தனியாக வந்து சொல்வது கஷ்டம். அந்தக் கஷ்டம் ஏன் வருகிறது என்று யோசித்துப் பாருங்கள் என்றுதான் கேட்கிறேன்.

உங்கள் பக்கத்திலும் விஷயம் இருக்கிறது. கூட்டத்தில் அதை யாரும் சரியாக எடுத்துச் சொல்லவில்லை, அதனால் நானே சொல்கிறேன். கடைமடை வரைக்கும் தண்ணீரை ஓட்டினால் வழியில் நிறைய மண்ணுக்குள் போய்விடும். மேலே ஒரு ஏக்கர் நனைகிற தண்ணீர், கீழே வந்து சேரும்போது அரை ஏக்கர்கூட நனைக்காது. இருக்கிற கொஞ்சத் தண்ணீரை வீணாக்காமல் மேலேயே பாய்ச்சினால் மொத்த விளைச்சல் கூடும் என்பது யோசிக்க வேண்டிய வாதம். இன்னொன்று, கடைமடையில் பலர் நெல்லை விட்டுத் தென்னைக்கு மாறிவிட்டார்கள். ஆழ்துளைக் கிணறு, அதாவது போர், போட்டவர்களும் இருக்கிறார்கள். "உங்களுக்கு வேற வழி இருக்கே" என்பது எல்லோருக்கும் இல்லாவிட்டாலும் சிலருக்குப் பொருந்தும். எனக்கே ஒரு வருஷம் பொருந்தியது. நெல் வயல்கள் காய்ந்துகொண்டிருந்தபோது என் தென்னைக்கு வாய்க்கால் தண்ணீர் வேண்டும் என்று மல்லுக்கு நின்றேன். தென்னை ஒரு மாசம் தாங்கும், நெல் ஒரு வாரம் தாங்காது. அன்று நான் ஞாயமாக நடக்கவில்லை. இப்போது சொல்வதில் எனக்குக் கூச்சமில்லை.

நல்ல மனசோடு யோசிக்கிறவர்களுக்கு நடுவிலும் கருத்து வேறுபாடு வருவது ஏன் என்று ரால்ஸ் விரிவாக எழுதியிருக்கிறார். சான்றுகள் சிக்கலாக இருக்கும். எதற்கு எவ்வளவு எடை என்பதில் ஒத்துப்போக மாட்டோம். ஒவ்வொருவரும் வாழ்ந்த வாழ்க்கை வேறு, அதனால் கண்ணில் படுவதும் வேறு. தலைமடைக்காரருக்குத் தண்ணீர் வீணாவது கண்ணில் படுகிறது. எனக்குப் பதர் கண்ணில் படுகிறது. இரண்டும் உண்மை. ஆகவே என்னோடு ஒத்துப்போகாதவர்கள் எல்லோரும் ஞாயமில்லாதவர்கள் என்று நான் சொல்லவில்லை, நீங்களும் சொல்லாதீர்கள். வாதத்தை வாதமாகச் சொல்லுங்கள். கசிவு எவ்வளவு என்று ஒரு நாள் இரிகேஷன்காரர்களைக் கூப்பிட்டு மேலேயும் கீழேயும் அளந்து பார்ப்போம். யாருக்குப் போர் இருக்கிறது, யாருக்கு இல்லை என்று எழுதுவோம். இதில் எதையும் செய்யாமல் நேராகக் கைக்குப் போய்விட்டீர்கள் என்பதே என் வருத்தம்.

எங்கள் வீட்டுப் பாகப் பிரிவினையை இங்கே சொல்லியாக வேண்டும். தாத்தாவின் நாலு ஏக்கர், மூன்று பிள்ளைகள். மூத்தவன் பிரிக்க வேண்டும், இளையவன் முதலில் எடுக்க வேண்டும் என்பது நம் பக்கத்து வழக்கம். அப்பாதான் மூத்தவர். கயிறு பிடித்து அளந்தவர், மேலே இரண்டு துண்டுகளையும் ஒண்ணேகால் ஏக்கராகவும், கடைசித் துண்டை ஒண்ணரை ஏக்கராகவும் போட்டு, கிணற்றையும் கடைசித் துண்டுக்குள் வருகிற மாதிரி வரப்பு வைத்தார். கடைசியில் எடுக்கப்போவது தான்தான் என்று தெரியும். எது மிஞ்சும் என்று தெரியாது. அதனால் எது மிஞ்சினாலும் பொறுக்கிற மாதிரி பிரித்தார். சின்னச் சித்தப்பா தலைத்துண்டை எடுத்தார். அப்பாவுக்குக் கடைசித் துண்டு. அதுதான் இப்போது என் வயல். அந்தக் கிணறு இன்று வறண்டு கிடக்கிறது, சுற்றிலும் அத்தனை போர். ஆனால் அவர் போட்ட கணக்கில் குற்றமில்லை.

1971இல் வந்த நூலில் ரால்ஸ் சொன்ன அறியாமைத் திரை என்பது இதே வழக்கத்தின் பெரிய வடிவம். நீங்கள் யார், உங்கள் இடம் எது என்று தெரியாத நிலையில் விதியை எழுதுங்கள். அப்போது அது எல்லோருக்கும் பொறுக்கிற விதியாக வரும் என்றார். கேக்கை வெட்டுகிறவர் கடைசியில் எடுத்துக்கொள்ளட்டும் என்று அவரும் உதாரணம் கொடுத்திருக்கிறார். நம் வீடுகளில் கயிறு பிடித்துச் செய்ததைத்தான் வாய்க்காலிலும் செய்யச் சொல்கிறேன்.

இன்னொரு பேச்சு இருக்கிறது. "கொஞ்சம் ஞாயமா விட்டுக்கொடுத்துப் போங்க." இதை எப்போதும் யாரிடம் சொல்கிறார்கள் என்று கவனியுங்கள். மருமகளிடம் சொல்வார்கள், கூலி கேட்கிறவரிடம் சொல்வார்கள், கடைமடையிடம் சொல்வார்கள். வாயை மூடு என்பதற்கு ஞாயம் என்ற சொல்லைப் பயன்படுத்தினால் அந்தச் சொல் செத்துப்போகும். நீதிமன்றங்கள்கூட இதில் கவனமாக இருக்க முயன்றிருக்கின்றன. நம் அரசியல் சாசனத்தின் 19ஆம் பிரிவில், உரிமைகளுக்கு நியாயமான கட்டுப்பாடுகள் விதிக்கலாம் என்று இருக்கிறது. எது நியாயமானது? மதராஸ் மாநிலத்துக்கும் வி.ஜி. ராவ் என்ற வக்கீலுக்கும் நடந்த வழக்கில் 1952இல் தலைமை நீதிபதி பதஞ்சலி சாஸ்திரி சொன்னது இன்றும் எடுத்தாளப்படுகிறது. எல்லா வழக்குக்கும் பொருந்துகிற ஒரே அளவுகோல் கிடையாது. பறிக்கப்படுகிற உரிமை எப்படிப்பட்டது, கட்டுப்பாட்டின் நோக்கம் என்ன, தீர்க்க வேண்டிய கேடு எவ்வளவு அவசரமானது, போட்ட கட்டு அதற்கு மிஞ்சிப்போயிற்றா, அன்றைய நிலைமை என்ன, இத்தனையும் பார்க்க வேண்டும் என்றார். தீர்ப்பு சொல்கிறவரின் சொந்த மதிப்பீடுகளும் உள்ளே நுழையத்தான் செய்யும், அதனால் அடக்கத்தோடு இருக்க வேண்டும் என்றும் சேர்த்துச் சொன்னார்.

இப்போது நம் எல்லோருக்கும் பொதுவான விஷயத்துக்கு வருகிறேன். மணக்கடவு.

தமிழ்நாட்டுக்கும் கேரளத்துக்கும் நடுவிலான பரம்பிக்குளம் ஆழியாறு நீர் ஒப்பந்தம் 1970 மே 29இல் கையெழுத்தானது. 1958 முதல் அமலில் இருப்பதாகக் கணக்கு. அதன்படி மணக்கடவு அணையில் ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. தண்ணீர் நம் சித்தூர்ப்புழை ஆற்றுக்காகக் கேரளத்துக்கு வரவேண்டும். முப்பது வருஷத்துக்கு ஒரு தடவை மறுபரிசீலனை என்றும் அதில் எழுதியிருக்கிறது. வரத்து குறைகிற வருஷங்களில் நாம் என்ன செய்கிறோம்? கொடி பிடிக்கிறோம், மறியல் செய்கிறோம், மனு கொடுக்கிறோம். நானும் வந்திருக்கிறேன், உங்களோடு ரோட்டில் உட்கார்ந்திருக்கிறேன். வீட்டில் தமிழ் பேசிக்கொண்டு, பொள்ளாச்சிப் பக்கம் பெண் கொடுத்துப் பெண் எடுத்துக்கொண்டு, தண்ணீர் என்று வரும்போது கேரளத்துக்காரர்களாகத் தமிழ்நாட்டிடம் கேட்கிறோம். என்ன சொல்லிக் கேட்கிறோம்? "மேலே இருக்கிறதால எல்லாத்தையும் நீங்களே எடுத்துக்கலாமா? எங்களுக்குன்னு ஒரு அளவு வேண்டாமா? பற்றாக்குறை வந்தா ரெண்டு பேரும் பங்கு போட்டுக்கணும்." உலகம் முழுக்க ஆற்றுச் சட்டமும் இதைத்தான் பேசுகிறது. 1966இன் ஹெல்சிங்கி விதிகளும் 1997இன் ஐ.நா. நீர்வழி உடன்படிக்கையும் ஒவ்வொரு கரைக்காரருக்கும் நியாயமான, சமநீதியான பங்கு என்கின்றன. எத்தனை பேர் அந்தத் தண்ணீரை நம்பியிருக்கிறார்கள், வேறு வழி உண்டா, ஏற்கெனவே என்ன உபயோகம் என்று எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்கச் சொல்கின்றன. மேலே இருப்பவர் என்பதற்காக மட்டும் யாருக்கும் முன்னுரிமை கிடையாது.

மணக்கடவில் நாம் கடைமடைக்காரர்கள். அங்கே நின்று நாம் சொல்கிற ஒவ்வொரு வார்த்தையும் எங்கள் எட்டு மடையிலிருந்து உங்களைப் பார்த்துச் சொல்லக்கூடிய வார்த்தைதான். தமிழ்நாட்டில் பயிர் செய்கிறவர்கள் நம்மைவிட நிறையப் பேர். கை எண்ணினால் அன்றைக்கே தோற்றுப்போவோம். அங்கே எண்ணிக்கையைச் சொல்ல நாம் விடுவதில்லை. இங்கே விட்டுவிட்டோம்.

நான் கேட்பதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். வாய்க்காலில் தண்ணீர் குறைந்துவிட்டது என்று கமிட்டி முடிவு செய்த நாளிலிருந்து, நெல் நிற்கிற எல்லா வயலுக்கும் பயிரைக் காப்பாற்றுகிற ஒரு நனைப்பு, ஒரு உயிர்த்தண்ணி, போய்ச் சேர்ந்த பிறகுதான் எந்த வயலுக்கும் அடுத்த சுற்று. ஒரு முறை மேலிருந்து தொடங்கினால் அடுத்த முறை கீழிருந்து தொடங்க வேண்டும். இந்த விதியை ஆவணியிலேயே, மழை எப்படி இருக்கும் என்று யாருக்கும் தெரியாதபோதே எழுதிவிட வேண்டும். தையில் வயல் காய்கிறபோது எழுதினால் ஒவ்வொருவருக்கும் தன் வயல் மட்டும்தான் தெரியும், எனக்கும்தான். போர் இருக்கிறவர்களுக்கும், என் தென்னை உட்பட எந்தத் தென்னைக்கும், இந்த உயிர்த்தண்ணியில் பங்கு வேண்டாம்.

அப்புறம், எடுத்த முடிவுக்குக் காரணம் எழுத வேண்டும். கடந்த தீர்மானத்தில் முடிவு இருந்தது, காரணம் ஒரு வரிகூட இல்லை. அதுவும் மலையாளத்தில் மட்டும் இருந்தது. கடைசி மடையில் உள்ள பெரியவர் அதை என்னிடம் கொண்டுவந்து படித்துக் காட்டச் சொன்னார். எழுபது வயசில், தன் பயிரைக் காயவிட்ட முடிவை இன்னொருவர் வாயால் கேட்டுக்கொண்டு நின்றார். மொழிச் சிறுபான்மைப் பகுதிகளில் அரசு அலுவலகங்களுக்கே தமிழில் எழுதலாம் என்று கேரள ஆட்சிமொழிச் சட்டம் 1969லேயே இடம் கொடுத்திருக்கிறது. நம் கமிட்டியில் பாதிப் பேர் தமிழில்தான் கையெழுத்துப் போடுகிறோம். இரண்டு மொழியிலும் எழுதுவதற்கு ஒரு தாள் கூடச் செலவாகும், அவ்வளவுதான். காரணம் யாருக்குச் சொல்கிறோமோ அவருக்குப் புரிய வேண்டாமா?

நான் சொன்னதில் ஓட்டை இருக்கலாம். கீழிருந்து தொடங்கினால் ராத்திரிக் காவல் யார் என்று நடுமடைத் தம்பி ஒருவர் கேட்டார், அதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. கசிவுக் கணக்கு நான் நினைப்பதைவிட மோசமாக இருந்தால், உயிர்த்தண்ணிக்குப் பதில் காய்ந்த வயல்காரருக்கு மற்றவர்கள் சேர்ந்து நெல்லாகக் கொடுப்பது என்றுகூடப் பேசலாம். அதையும் கேட்கத் தயாராக இருக்கிறேன்.

ஒரே ஒரு வேண்டுகோள். அடுத்த கூட்டத்தைத் தலைமடையில் இருக்கிற கட்டிடத்தில் வைக்காமல், எங்கள் கடைசி மடைக்குப் பக்கத்தில் புளியமரத்தடியில் வையுங்கள். காலை ஏழு மணிக்கு அங்கே நல்ல நிழல் இருக்கும். எல்லோருக்கும் டீ நான் போடுகிறேன். என் வயல் அறுப்பு இன்னும் முடியவில்லை. வருகிறவர்கள் ஒரு கதிரைக் கையில் எடுத்து நசுக்கிப் பார்த்துவிட்டு உட்காருங்கள், நாயம் பேசலாம்.

அன்புடன்,
உங்கள் வாய்க்காலின் கடைமடையிலிருந்து, உங்களில் ஒருத்தி
கொழிஞ்சாம்பாறைப் பக்கம், சித்தூர் தாலுகா